இரண்டாமிடத்துப் பங்கு: ஓர் இலக்கணச் சிறுநூல்

பங்கு இரு வகைப்படும்: முதலிடத்துப் பங்கு, இரண்டாமிடத்துப் பங்கு. முதலாவதை வாங்கியவன் நன்றாகத் தூங்குவான். அவனைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரண்டாவதை வாங்கியவனுக்கே இலக்கணம் தேவைப்படுகிறது.

எடுத்துக்கொண்ட பொருள் ஏ.எம்.டி. கலிஃபோர்னியாவில் 1969-ல் ஜெர்ரி சாண்டர்ஸும் கூட்டாளிகளும் தொடங்கிய சில்லு நிறுவனம். அண்ணன் இன்டெல் பிறந்தது 1968-ல். மூப்பு ஓராண்டுதான்; பங்காளிச் சண்டை அரை நூற்றாண்டைத் தாண்டியது. 1982-ல் அண்ணன் தன் சில்லைச் செய்யும் உரிமையைத் தம்பிக்குக் கொடுத்தது பாசத்தால் அன்று. ஒரே கடையை நம்பிச் சாமான் வாங்கமாட்டேன் என்று ஐ.பி.எம். அடம்பிடித்ததால் கொடுத்தது. பிற்பாடு இருவரும் நீதிமன்றத்துக்கும் போனார்கள். அது தனி நூல்.

இப்பங்கை வாங்கினோரைக் காரணத்தார், இடுகுறியார் என இரண்டாகப் பகுப்பாரும் உளர். ஆராய்ந்து வாங்கியவர் காரணத்தார். "ரெண்டு டாலர்தானே, போனால் போகட்டும்" என்று வாங்கியவர் இடுகுறியார். அது பொருந்தாது. என்னை? 2006-ன் தொடக்கத்தில் பங்கு 40 டாலரைத் தொட்டபோது வாங்கியவர் அனைவரும் காரணத்தாரே. ஏ.எம்.டி.யின் ஆப்டெரான் சில்லு சர்வர் சந்தையில் இன்டெலை உலுக்கிக்கொண்டிருந்தது; 64 பிட் வழியைத் தம்பி போட, அண்ணன் பின்னால் வரவேண்டியதாயிற்று. காரணங்கள் அத்தனையும் சரி. அதே ஆண்டில் இன்டெல் கோர் 2 சில்லை இறக்கியது, ஏ.எம்.டி. 540 கோடி டாலர் கொட்டி வரைகலைச் சில்லு நிறுவனமான ஏ.டி.ஐ.யை வாங்கிக் கடனாளியாயிற்று. 2008 நவம்பரில் பங்கு இரண்டு டாலருக்கும் கீழே. சரியான காரணத்தோடு வாங்கியவன் தெருவில் நிற்க, காரணமே இல்லாமல் 2015-ல் வாங்கியவன் பிற்பாடு வீடு கட்டினான் என்றால், அப்பகுப்பால் பயன் என்ன?

ஆகவே இந்நூல் துணைவினையால் பகுக்கிறது. வாங்குவதும் விற்பதும் எல்லாருக்கும் பொது. அதன் பின்னால் ஒட்டும் சொல்லில்தான் ஆள் தெரிவான்.

வாங்கிக் கட்டிக்கொண்டோர். மேற்சொன்ன 2006-ஆம் ஆண்டினர். விரிப்பின் வருத்தம் பெருகும்.

வாங்கிப் போட்டோர். ஊருக்கு வெளியே மனை வாங்கிப் போடுவதுபோல வாங்கிவிட்டுக் கடவுச்சொல்லையும் மறந்தவர். இவ்வகையினரைக் காண்பது அரிது. இவர்களும் தாம் இவ்வகை என்று அறியார்.

வாங்கிக் காட்டினோர். பற்று அன்று, பகையே இவர்க்கு முதல். இன்டெலுக்கு ஒரு பாடம் புகட்டவேண்டும் என்று வாங்கியவர்கள். என் நண்பர் ஒருவர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏ.எம்.டி. சின்னம் போட்ட பனியன், மேசையில் அதே சின்னம் போட்ட காபிக் கோப்பை. 2012-ல் ஒருநாள் கம்ப்யூட்டர் சூடாகிறதென்று பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றினார். தூசு தட்டி எட்டிப் பார்த்தேன்: உள்ளே இருந்தது இன்டெல் ஐ5. "புல்டோசர் வாங்கலையா?" என்றேன். "பங்குதான் கொள்கை, கேம் ஆட வேற சில்லு" என்றார். 2011-ல் வந்த ஏ.எம்.டி.யின் புல்டோசர் சில்லின் கதை அப்படி. பங்குதாரரே வாங்காத சரக்கு.

விற்றுவிட்டோர், விற்றுத் தொலைத்தோர். இவ்விரண்டும் வேறென்பாரும் உளர். ஒன்றே என்பது எம் துணிபு; என் கதையே சான்று. 2013-ல் ஏ.எம்.டி. ஆஸ்டினில் இருந்த தன் வளாகத்தையே விற்று, அதிலேயே வாடகைக்குக் குடியிருந்தது. 2014 அக்டோபரில் லிசா சு தலைமைக்கு வந்தார். அடுத்த ஆண்டு நட்டம் 66 கோடி டாலர். 2016 பிப்ரவரியில் இரண்டு டாலர் சொச்சத்துக்கு 500 பங்கு வாங்கினேன். ஏப்ரல் 22, வெள்ளிக்கிழமை. சீனக் கூட்டு முயற்சிக்குச் சில்லு நுட்பத்தை உரிமம் கொடுத்து 29 கோடி டாலருக்கு மேல் வாங்கப்போவதாக முந்தின நாள் செய்தி. ஒரே நாளில் பாதிக்கும் மேல் ஏறி, நான்கை ஒட்டி நின்றது விலை. அலுவலகக் கழிப்பறையில் நின்றபடி கைபேசியில் விற்றேன். அன்று மாலை வீட்டில் "விற்றுவிட்டேன்" என்றேன். லாபத்தில் துணி துவைக்கும் மெஷின் வந்தது.

2017 மார்ச்சில் ஏ.எம்.டி.யின் ரைசன் சில்லு வந்தது. 2021 கடைசியில் பங்கு 140 டாலருக்கும் மேலே. அந்த 500 பங்கு 70,000 டாலரைத் தாண்டிவிட்டதென்று மனைவி கணக்குப் போட்டாள். "எழுபதாயிரம் டாலர் மெஷின், அதுல கம்பளியைப் போடாதீங்க." விற்றவன் அதே நான்தான், விற்றதும் ஒரே தடவைதான், "விட்டேன்" மட்டும் நான் ஏதும் செய்யாமலே "தொலைத்தேன்" ஆகிவிட்டது. துணைவினையை வாங்குபவன் தேர்வதில்லை, காலம் ஒட்டுகிறது.

அஃதேல், ரைசன் நன்றாயிருக்குமென்று முன்பே அறிந்து வைத்திருந்தவன் அறிவாளியன்றோ எனின், பாதி. மீதிப் பாதி இன்டெலின் கைங்கரியம். அண்ணனின் 10 நானோமீட்டர் சில்லு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போய் 2019-ல்தான் ஒருவழியாகப் பரவலாக வந்தது. 2009-லேயே ஆலைகளைக் கைகழுவிய தம்பி, அதே 2019 ஜூலையில் தைவானின் டி.எஸ்.எம்.சி. ஆலையில் 7 நானோமீட்டரில் செய்த சில்லோடு வந்து நின்றது. ஆலை இல்லாததைக் குறையென்று எழுதிய ஆய்வறிக்கைகளை நானும் படித்துத் தலையாட்டியிருக்கிறேன். ஏ.எம்.டி. பங்கை வாங்கியவன் ஏ.எம்.டி.யை மட்டும் வாங்கவில்லை; இன்டெலின் தாமதத்தையும் சேர்த்து வாங்கினான். அத்தாமதம் எந்த ஆண்டறிக்கையிலும் முன்கூட்டி அச்சாகவில்லை.

புறனடை. 2022 பிப்ரவரியில் ஏ.எம்.டி.யின் சந்தை மதிப்பு இன்டெலை முந்தியது. 2024-ல் இன்டெல் ஈவுத்தொகையை நிறுத்தியது. டவ் ஜோன்ஸ் பட்டியலில் அதன் இடத்துக்கு இன்னொரு சில்லு நிறுவனமான என்விடியா வந்தது. முந்திய தம்பிக்கும் நிம்மதியில்லை, இப்போது அந்த என்விடியாவுக்கு அடுத்த இரண்டாமிடம். எனவே பெயரை மட்டும் மாற்றி இந்நூலை மறுபடி படித்துக்கொள்க.

ஒரு பங்குதாரர் மட்டும் எவ்வகையிலும் அடங்கவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு, பங்கு 20.47 டாலர் வீதம், இன்டெலில் ஏறத்தாழ பத்து விழுக்காட்டை எடுத்துக்கொள்ள ஒப்பந்தம் செய்தது. மானியமாகத் தரவேண்டிய பணம்தான் அதற்கு விலை. அதற்கான துணைவினை தமிழில் இன்னும் எனக்கு அகப்படவில்லை.