கூட்டிப் பெருக்கு

எங்கள் வீட்டில் கூட்டுவதும் பெருக்குவதும் ஒரே வேலை. விளக்குமாறு ஒன்று போதும். பள்ளிக்கூடத்தில் அவை இரண்டு வேலை என்பது ஒன்பதாம் வகுப்பில்தான் உறைத்தது.

'காரணிப்படுத்துக' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, கணக்கு சார் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போடுவார். மேலே பெருக்கினால் வர வேண்டியது, கீழே கூட்டினால் வர வேண்டியது. இடமும் வலமும் காலி. அந்த இரண்டு காலியிடங்களில்தான் என் ஒன்பதாம் வகுப்பு கழிந்தது. எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 5 எக்ஸ் பிளஸ் 6 வரைக்கும் ஒரு குறையும் இல்லை. 2, 3 என்று கடைசி பெஞ்சே கத்தும். வீட்டுப்பாடத்தில் வந்தது வேறு ஆள்: 6 எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 7 எக்ஸ் மைனஸ் 20. முதலையும் கடைசியையும் பெருக்கினால் மைனஸ் 120.

120-க்கு எட்டு ஜோடி உண்டு. 1, 120-இல் ஆரம்பித்து 6, 20 வரை பொறுமையாகப் பார்த்தேன். பிறகு சலித்துப்போய் 10, 12-க்குத் தாவிவிட்டேன். (பி ஸ்கொயர் மைனஸ் 4 ஏசி முழு வர்க்கமாக வந்தால் கோவை உடையும் என்று பத்தாம் வகுப்பில் சாவகாசமாகச் சொன்னார்கள். இங்கே அது 529, அதாவது 23-இன் வர்க்கம். ஒரு வருஷம் முன்னால் சொல்லியிருந்தால் நம்பிக்கையோடாவது தேடியிருப்பேன்.)

"விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு, வீட்டைக் கூட்டிப் பெருக்குடா" என்றாள் அம்மா.

"அதைத்தாம்மா ஒரு மணி நேரமா பண்றேன். பெருக்கினா 120 வருது, கூட்டினா 7 வரலை. ஒண்ணு கடன், ஒண்ணு வரவு. கடைசில 7 கடன் நிக்கணும்."

அம்மா அடுப்பிலிருந்து திரும்பவேயில்லை. "பால் பதினஞ்சு ரூபா. எட்டு நாளைக்கு நூத்தியிருவது. இன்னைக்குப் பதினஞ்சு குடுக்கணும், கையில எட்டுதான் இருக்கு, ஏழு துண்டு விழுது. இதுக்கா ஒரு மணி நேரம்?"

விடை கிடைத்துவிட்டது. எழுதத்தான் கை வரவில்லை. எங்கள் பால் பாக்கியை சார் பார்க்கிற நோட்டில் எழுதுவதா? மானத்தைக் காப்பாற்ற 15-ஐ வரவாக்கி, 8-ஐ மட்டும் கடனாக்கினேன். 3 எக்ஸ் மைனஸ் 4, 2 எக்ஸ் பிளஸ் 5 என்று இரண்டு அடைப்புக்குறிகள் லட்சணமாக வந்து உட்கார்ந்தன.

சார் இரண்டையும் சிவப்பு மையால் சுழித்தார். என் கணக்குப்படி நடு உறுப்பு பிளஸ் 7 எக்ஸ்.

"எழுதினதும் ஒருதடவை பெருக்கிப் பாத்தியாடா?"

"பெருக்கிட்டுத்தான் சார் வந்தேன். வாசல் வரைக்கும்."