சில்லுப் பூட்டிய வீடு

ஸ்காபரோவில் முதல் ஸ்னோ விழுந்த அன்றைக்குக் கனடா மாமா இரண்டு சாமான்களை வெளியே எடுப்பார். ஒன்று ஸ்னோ அள்ளும் சவள், மற்றது சூட்கேஸ். சவளை மகனின் கையில் கொடுத்துவிட்டு, சூட்கேஸோடு தான் அறைக்குள் போய்விடுவார். அறுபத்தைந்து கடந்து, பென்சன் வரத் தொடங்கி, முழங்கால் குளிரைக் கண்டு முறைக்கிற யாழ்ப்பாணத்து மனிதர் எவரும் மாரியில் கனடா மாமாதான்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் கட்டில், அடுப்பு, கக்கூசு எல்லாம் பொருத்திய பெரிய வாகனம் ஒன்று வைத்திருக்கிறார். மார்கழிக்கு முன்னமே அதை ஓட்டிக்கொண்டு புளோரிடாவுக்குப் போய்விடுவார். "வீட்டுக்குச் சில்லுப் பூட்டிக்கொண்டு போறான், விசரன்" என்று மாமா சிரிப்பார். சிரித்த கையோடு தன் வீட்டைக் கழற்றிச் சூட்கேஸுகளில் அடுக்கத் தொடங்குவார்.

முதலில் கணக்கு. ஒன்ராறியோவில் இருப்பவர் பன்னிரண்டு மாதத்துக்குள் 212 நாள் வரை நாட்டுக்கு வெளியே நின்றாலும் அரசாங்க மருத்துவக் காப்பு பறிபோகாது. மாமா இந்த 212ஐச் சஷ்டி கவசம் போல மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார். ஆனால் மாமிக்குப் பேரப்பிள்ளையை விட்டுவிட்டு அறுபது நாளுக்கு மேல் நிற்க ஏலாது. மிச்ச 152 நாளும் வருசா வருசம் வீணாகப் போவது மாமாவின் நிரந்தரக் கவலை.

பிறகு சாமான். ஆளுக்கு இரண்டு சூட்கேஸ், ஒவ்வொன்றும் 23 கிலோ. உள்ளே பார்த்தால் சோப், பற்றரி, டோர்ச், மெழுகுதிரி, பனடோல், பற்பசை. இதெல்லாம் ஏன் என்று மகள் கேட்டால் மாமாவுக்குக் கோபம் வரும். அவர் 1995 இடப்பெயர்வோடு வெளிக்கிட்டவர். பொருளாதாரத் தடைக் காலத்தில் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தவர். கவிழ்த்துவைத்த சைக்கிளின் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டவர். நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியவர். அந்த யாழ்ப்பாணத்துக்குத்தான் அவர் இன்னும் சாமான் கட்டுகிறார். பற்றரிக்கு இருந்த தடை போய் எத்தனையோ காலமாகிவிட்டது. மாமாவின் மனதில்தான் அது இன்னும் எடுபடவில்லை.

தராசு வந்ததும் குடும்பச் சண்டை தொடங்கும். 24.6 கிலோ என்று காட்டினால் மாமியின் சேலைதான் முதலில் வெளியே வரும். மாமா தராசில் ஏறி, இறங்கி, சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறி, கழித்துப் பார்ப்பார். கடைசியில் ஒன்றரைக் கிலோ சோப் அவருடைய கோட் பொக்கற்றுக்குள் போகும். டோகாவில் விமானம் மாறும்போது மனுசன் நடந்தால் சோப்புக்கடை நடந்த மாதிரி மணக்கும்.

இங்கே கோண்டாவிலில் தங்கச்சி சும்மா இருக்கவில்லை. அண்ணைக்கு முழங்கால் மடியாது என்று கொமட் வைத்தாள். வெக்கை தாங்கமாட்டார் என்று ஏசி பூட்டினாள். தண்ணி ஒத்துவராது என்று போத்தல் தண்ணி வாங்கி அடுக்கினாள். அண்ணையோ வந்து இறங்கியதும் கேட்பது கிணற்றடியையும் துலாவையும்தான். "மோட்டர் பூட்டிப் பதினைஞ்சு வருசம் அண்ணை" என்றால் முகம் சுருங்கிவிடும். அவர் இவளுடைய பழைய ஊருக்கு ஆயத்தமாகி வந்திருக்கிறார். இவள் தான் காணாத கனடாவை வீட்டுக்குள் கட்டிவைத்திருக்கிறாள்.

இனி வான். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து கோண்டாவிலுக்கு இரவிரவாக ஓட வேண்டும். அதற்கு ஹையேஸ் பிடிக்கும்படி இரண்டு மாதத்துக்கு முன்னமே மருமகனுக்குக் கட்டளை வந்துவிடும்.

"தம்பி, பின் சீற் நல்லாச் சரியுமோ?"

"ஓம் மாமா."

"ஏசி?"

"இருக்கு மாமா."

"உள்ளுக்குத் தேத்தண்ணி வைக்கலாமோ?"

"மாமா, அது வான்."

அடுத்த நாள்கள் எல்லாம் அந்த வானிலேதான். தலையணை, பெட்சீற், சுடுதண்ணிப் போத்தல், மடக்குக் கதிரை, நுளம்புத்திரி, குளிசைப் பெட்டி, இடியப்பமும் சம்பலும் போட்ட டிபன் கரியர். யன்னல் கம்பியில் மாமாவின் துவாய் காயும். கீரிமலையில் குளிப்பு, கசூரினாவில் நித்திரை, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்குவதற்கென்றே தனியாக ஒரு பயணம். குறிகட்டுவான் இறங்குதுறையில் மட்டும் தகராறு. நயினாதீவுக்குப் படகு மனிதரை ஏற்றும், ஹையேஸை ஏற்றாது. கதிரையை மட்டுமாவது ஏற்றச் சொல்லி மாமா படகோட்டியோடு பேரம் பேசுவார். "ஐயா, வீட்டை நான் பார்த்துக்கொள்ளுறன், நீங்கள் அம்மாளைக் கும்பிட்டுட்டு வாங்கோ" என்பார் டிரைவர் தம்பி.

மார்கழிக் காலையில் ஊர் சுவெட்டரும் மப்ளருமாகத் திருவெம்பாவைக்குப் போகும். இங்கே இரவில்கூட வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அருமை. என்றாலும் எங்களுக்குக் குளிர் குளிர்தான். மாமா அரைக்காற்சட்டையோடு முற்றத்தில் நின்று "இதுவும் ஒரு குளிரோ" என்று பெருமையடிப்பார். அதே மாமாதான் ஸ்காபரோவில் காலுறைக்கு மேல் காலுறை போட்டுப் படுப்பவர்.

அவருக்கு ஒரேயொரு குறை. பனங்கிழங்கு கிடைக்கிறது, புழுக்கொடியலும் கிடைக்கிறது, கறுத்தக்கொழும்பான் மட்டும் கிடைப்பதில்லை. அது வைகாசி, ஆனியில் பழுக்கிற சாதி. அந்த மாதங்களில் ஸ்காபரோவில் வெயில் நல்லாய் இருக்கும், மாமா வரமாட்டார். குளிருக்குப் பயந்து வருபவருக்கு மாம்பழம் எழுதிவைக்கவில்லை.

போகிற கிழமையில் தராசு மறுபடி வெளியே வரும். இந்த முறை ஒடியல் மா, மிளகாய்த்தூள், பனங்கட்டி, நல்லெண்ணெய். கொண்டுவந்த சோப்புகளைத் தங்கச்சி அலுமாரியில், போன மாரிச் சோப்புகளுக்கு மேல் அடுக்குவாள். அவற்றை அவள் பாவிப்பதில்லை, மாமாவும் பாவிப்பதில்லை. இரண்டு மாதமும் குளிக்கப் போகையில் அவர் கேட்டது, "பிள்ளை, எங்கட ராணி சந்தன சோப் இருக்கோ?" என்றுதான்.

"ஆடியிலே சுவிஸ் அண்ணை நல்லூர்த் திருவிழாவுக்கு வருவார், இதை அவருக்குக் குடுப்பம்" என்கிறாள் தங்கச்சி. நல்ல யோசனைதான். ஆனால் அவர் கொண்டுவரும் சோப்பை வைக்க அலுமாரிக்கு இன்னொரு தட்டு அடிக்க வேண்டும்.