கொடைக்கானலில் ஏசி ரிப்பேர்

கேள்வி: பழனியிலிருந்து கொடைக்கானலுக்குக் குடிவந்தபோது ஏசியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். இப்போது ரிப்பேர். கீழே கேட்பதைவிட இங்கே அதிகம் கேட்கிறார்களே, நியாயமா?
— ஒரு வாசகர், நாயுடுபுரம்

பதில்: கொல்லர் தெருவில் ஊசி விற்கப் போயிருக்கிறீர்கள்! மதுரை வெயில் தாங்காமல் அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் ஏறி வந்து தங்கிய ஊர் அது. அந்த ஊரே ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் மாட்டிய ஏசி, பில்லும் கிடையாது.

கூலி நியாயம்தான். அங்கே கீசருக்குத்தான் மவுசு. ஏசிக்காரர் வத்தலக்குண்டிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ மலையேற வேண்டியிருக்கும். கெப்பாசிட்டரை மறந்துவிட்டு வந்தாரானால் அன்றைய பொழுது போச்சு!

ஆனால், "வருஷா வருஷம் கேஸ் தீர்ந்துடும் சார்" என்றால் மட்டும் நம்பாதீர்கள். அதென்ன சமையல் கேஸா? மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுவது. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். சோப்பு நுரை தடவியாவது ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்த பிறகே நிரப்பச் சொல்லுங்கள். நிரப்ப வேண்டிய கேஸ் ஆர்-32-ஆ, ஆர்-410ஏ-யா என்பது பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே இருக்கும், அளவும்கூட.

அதுவரை ஜன்னலைத் திறந்து வையுங்கள். குரங்கு வந்தால் நான் பொறுப்பல்ல.