80 ஹெர்ட்ஸ் புறம்போக்கு: பழைய கிராஸ்ஓவர் குறித்த ஓர் ஆய்வுரை

காருக்குள் ஒலியைப் பாகம் பிரிக்கும் பெட்டியைப் பற்றி அறிஞர் பெருமக்கள் இதுவரை வாய் திறக்காதது வருந்தத்தக்கது. அக்குறை போக்கவே இவ்வாய்வு எழுந்தது. ஆய்வுப் பொருள், 1980, 90களில் அமெரிக்கக் கார்களின் டிக்கியில் குடியிருந்து, இன்று பழைய சாமானாகக் கைமாறிவரும் வெளிக் கிராஸ்ஓவர். ஸ்டீரியோவுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே உட்கார்ந்து, பேஸ் ஒலியை சப்-ஊஃபருக்கும் மற்றதைக் கதவு ஸ்பீக்கருக்கும் ஒதுக்கிக் கொடுப்பது இதன் தொழில். எல்லைக்கல் நடுவதால் இதைச் சர்வேயர் வம்சத்தில் சேர்ப்பதே முறை என்பது எம் துணிபு.

வம்சத்தின் மூதாதை ஸ்டீபன் பட்டர்வொர்த், 1930இல் வடிகட்டிக்கு இலக்கணம் வகுத்த ஆங்கிலேயர். அவர் வழிப்படி இரு பங்கையும் திரும்பக் கூட்டினால் எல்லையில் 3 டெசிபெல் மேடு தட்டக்கூடும். அந்த மேட்டைச் சமன்படுத்தும் வழியை 1976இல் எழுதியவர், ஹியூலெட்-பாக்கார்டில் வேலை பார்த்த சீக்ஃப்ரிட் லிங்க்விட்ஸ். உடன் வேலை பார்த்த ரஸ் ரைலியின் பெயரும் அதில் சேர்ந்து நிலைத்தது. எல்லையில் இரு தரப்பும் 6 டெசிபெல் இறங்கும். கூட்டினால் பைசா பாக்கியில்லாமல் கணக்கு நேராகும். எல்லை தாண்டியபின் ஆக்டேவுக்கு 24 டெசிபெல் சரிவு.

இந்த வழியைக் காருக்குள் கொண்டுவந்த பெட்டிகளில் வாஷிங்டன் மாநிலத்து ஆடியோகன்ட்ரோலின் 24எக்ஸ்எஸ் பெயர்பெற்றது. எல்லையை மாற்ற அதில் குமிழ் கிடையாது. மூடியைக் கழற்றி, ரெசிஸ்டர்கள் அடங்கிய சிறு சில்லைப் பிடுங்கி வேறொன்றைச் செருக வேண்டும். பெட்டி கைமாறும்போது உதிரிச் சில்லு பெரும்பாலும் கூட வராது. முந்தைய உரிமையாளர் எங்கே கல் நட்டாரோ, அதுவே நமக்கு விதித்தது.

இனி ஆய்வின் நடுப்பொருள். பழைய பெட்டியை வாங்கியவர் அதை மாட்டுகிறார். நல்லது. ஆனால் புது ஸ்டீரியோவுக்குள்ளும் ஒரு கிராஸ்ஓவர் இருக்கிறது, ஆம்ப்ளிஃபையருக்குள் இன்னொன்று. மூன்றையும் 80 ஹெர்ட்ஸில் வைத்து, மூன்று பூட்டுப் போட்ட நிம்மதியோடு கதவைச் சாத்துகிறார். மூன்றும் லிங்க்விட்ஸ்-ரைலி வகை என்று கொள்வோம். எல்லையில் ஒவ்வொரு தரப்பும் 6 அல்ல, 18 டெசிபெல் இறங்கும். இரண்டையும் கூட்டினாலும் 12 டெசிபெல் பள்ளம் மிச்சம். அதாவது மூன்று சர்வேயர் அளந்ததில், ஊஃபருக்கும் சேராமல் கதவுக்கும் சேராமல் ஒரு துண்டு நிலம் புறம்போக்காகிவிட்டது. கிதாரின் தடித்த தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸ். அது அந்தத் துண்டில்தான் குடியிருக்கிறது. இளையராஜா பாட்டில் பேஸ் கிதார் அவ்வழியே நடக்கும்போதெல்லாம் பள்ளத்தில் இறங்கி ஏறும். உரிமையாளரோ ஊஃபரைக் குறை சொல்லி, இன்னும் பெரிதாக ஒன்று வாங்கிவிடுவார். தீர்வு எளிது: ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அணைத்துவிட வேண்டும். எளிது என்பதாலேயே இது பரவவில்லை.

பெட்டியை மாட்டியபின், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சேர்ந்து ஏறும் ‘உய்ங்’ ஒலியைப் பழமையின் மணம் என்று ஒரு சாரார் கொள்வர். அது எர்த் கோளாறு.

அடுத்து பாடபேதம். குமிழ் வைத்த பெட்டிகளில் எழுத்து தேய்ந்து, 60 என்பாரும் 80 என்பாரும் உளர். எழுத்து தெளிவாக இருந்தாலும் நம்புவதற்கில்லை; டிக்கி வெயிலில் கெப்பாசிட்டர் காய்ந்து, குமிழின் கரித்தடம் தேய்ந்து, கல் தானே நகர்ந்திருக்கலாம். மூலபாடம் காண வழி உண்டு. போனிலிருந்து ஒற்றைச் சுரத்தை ஓடவிட்டு, பெட்டியின் ஊஃபர் வெளியீட்டில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பார்க்கவும். பெட்டி லிங்க்விட்ஸ்-ரைலி வகையானால், 30 ஹெர்ட்ஸில் காட்டிய வோல்ட், சுரம் ஏற ஏற எங்கே சரிபாதி ஆகிறதோ அங்கேதான் கல் இருக்கிறது.

மீட்டரை ஒத்துக்கொள்ளாத, செவியே பிரமாணம் என்னும் கட்சியினர் வலுவாக உள்ளனர். அவர்களுள் ஒருவர் கண்ணை மூடிக் குமிழை மயிரிழை திருகி, “இப்பக் கேளுங்க சார், பேஸ் எப்படி இறுகிடுச்சு!” என்று உருகியதை நேரில் கண்டோம். அவர் திருகியது பின் ஸ்பீக்கருக்கான குமிழ். அந்தக் காரில் பின் ஸ்பீக்கர் கிடையாது.