நாக்குக்கு ஒரு கமிட்டி

ஆங்கிலச் சொற்களை எப்படி உச்சரிப்பது என்பதில் ஆங்கிலேயருக்கே தகராறு. பஞ்சாயத்துப் பேச 1926-இல் பிபிசி ஒரு குழு போட்டது. தலைவர் அரசவைக் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ். 1930-இல் அவர் மறைந்ததும் நாற்காலி பெர்னார்ட் ஷாவுக்குப் போனது. ஷா டப்ளின்காரர். செயலர் லாயிட் ஜேம்ஸ் வேல்ஸ்காரர். உறுப்பினர் லோகன் பியர்சால் ஸ்மித் பிறந்ததோ அமெரிக்காவில். (இங்கிலாந்தில் அப்படியென்ன ஆள் பஞ்சம்!) தீர்ப்பு அறிவிப்பாளர்களை மட்டுமே கட்டுப்படுத்தும், ஆனாலும் நேயர்கள் கடுதாசி போட்டுத் திட்டினார்கள். 1939-இல் போர் வந்தது, குழு முடங்கியது. ஷாவா விடுவார்? ஆங்கிலத்துக்குப் புது எழுத்துகளையே உருவாக்க உயிலில் பணம் ஒதுக்கிவிட்டு 1950-இல் கண்மூடினார். எழுத்துகளும் பிறந்தன, அவருடைய நாடகம் ஒன்று 1962-இல் அவற்றில் அச்சேறியது. சரளமாக வாசிக்கத்தான் ஆளில்லை.