நகவெட்டி விஞ்ஞானி

என் அக்கா மகன் மேதை. காரியாபட்டியில் தெரியாதவர்கள் யாராவது இருந்தால் அக்காவே நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வருவாள்.

காலேஜ் புராஜெக்டுக்கு ரோபோ கை ஒன்று செய்தான். சுற்றிலும் நாலு பக்கமும் நாலு டப்பா. தீப்பெட்டிகளை நிறம் பார்த்துப் போட வேண்டும். அடியில் இருந்து கையைத் திருப்புவது நீலச்சட்டை எஸ்ஜி90 சர்வோ. எடை 9 கிராம், அரைவட்டத்துக்கு மேல் நகராது. இவனுக்கு வேண்டியதோ 270 டிகிரி.

270 டிகிரி சர்வோ கடையிலேயே விற்கிறது. விற்பதை வாங்கினால் அப்புறம் என்ன மேதை? ஒன்றுக்கு இரண்டாகப் பல்சக்கரம் கோத்தால் அரைவட்டம் முழுவட்டமாகும், விசைதான் பாதியாகும். தீப்பெட்டிக்கு அந்தப் பாதியே ஜாஸ்தி. ஆனால் அது சைக்கிள் கடைக்காரர் புத்தி. உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் இரண்டு ஓரக் கால்களிலும் ஆளுக்கொரு ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்தால், அதே பல்ஸுக்குக் கூடுதலாகத் திரும்பும், திரும்பின இடத்தில் நிற்கவும் செய்யும். நிற்பது யாருக்கு வேண்டும்?

அக்காவின் முறத்தில் சிகிச்சை நடந்தது. நாலு குட்டித் திருகைக் கழற்றினான். பால்வெள்ளை நைலான் சக்கரங்கள் அரிசியோடு அரிசியாக உருண்டன. சுற்றைத் தடுக்கும் முளையை என் நகவெட்டியால் கத்தரித்தான். அதோடு விட்டானா? தண்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்லும் ஒரே கண்ணான அந்தப் பொட்டென்ஷியோமீட்டரையும் பிடுங்கிவிட்டு, 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டைப் பற்றவைத்தான். இனி அந்தச் சர்வோ எந்தத் திசையில் நின்றாலும் தான் நட்டநடுவில் இருப்பதாகவே நம்பும். இப்படி ஒரு நடுநிலைமை எந்தப் பஞ்சாயத்தில் கிடைக்கும்?

20 மில்லி செகண்டுக்கு ஒருமுறை பல்ஸ் போனது. 1.5 மில்லி செகண்ட் நீளமுள்ள பல்ஸ் என்றால் நடுவில் நில் என்று அர்த்தம். ரெசிஸ்டர்கள் இரண்டும் ஒரு பொட்டு வித்தியாசம், அதனால் நில் என்றாலும் நகர்ந்தது. போ என்றதும் போனது, போய்க்கொண்டே இருந்தது. மேல் சர்வோக்களின் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு ஒயர்களைக் கண்டில் நூல் சுற்றுவது மாதிரி சுற்றிக்கொண்டது. தீப்பெட்டி அடுப்படியில் விழுந்தது, என் டீ மடியில் விழுந்தது. கர்ணன்கூடக் கேட்டதைத்தான் கொடுத்தான். இவன் 270 கேட்டதற்குச் சர்வோ முடிவே இல்லாமல் கொடுத்தது.

சிவகாசிக்காரர்கள் இதே தத்துவத்தில் தரைச்சக்கரம் செய்து டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். அதுவும் எங்கே நிற்கிறோம் என்று கேட்காமல்தான் சுற்றும். என்ன, மருந்து தீர்ந்தால் நின்றுவிடும். அந்தக் குறையைத்தான் இவன் தீர்த்து வைத்திருக்கிறான்.

“ஏம்ப்பா நிக்கல?” என்றார் பரீட்சைக்கு வந்தவர்.

“கன்டினியூவஸ் ரொட்டேஷன் சார்” என்றான், நிமிர்ந்து. மார்க் விழுந்தது. அக்கா அல்வா வாங்கினாள்.

நேற்றுச் சுவர்க்கடிகாரம் முறத்தில் கிடந்தது. “12 மணி நேரந்தான மாமா காட்டுது, 24 ஆக்கிருவோம்” என்றான். நகவெட்டி இன்னும் அவனிடந்தான் இருக்கிறது.