நூற்றுக்கு நாற்பத்து மூன்று

2008-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மெரினாவில் காந்தி சிலைக்குப் பின்னால் மணலில் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். பதிவர் சந்திப்பு. எல்லோரும் ஒருவரையொருவர் புனைபெயரில் மட்டுமே அறிந்திருந்தோம். அதனால் மரியாதையாக அப்பா அம்மா வைத்த பெயரைச் சொன்னவர்களை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. என் முறை வந்தது. என் வலைப்பூவின் பெயரைச் சொன்னேன். எதிரே அரைக்கைச் சட்டையில் ஒருவர், சுண்டல் பொட்டலத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்:

"நாப்பத்து மூணு."

பஸ் நம்பரோ என்று நினைத்தேன்.

"எதுக்கு சார்?"

"நூத்துக்கு."

அவர்தான் மார்க் சார். வேறு பெயர் இருந்திருக்கும். அதைத் தெரிந்துகொள்ளும் அவசியம் எங்களில் யாருக்கும் வரவில்லை.

இப்படி மார்க் போடும் இனம் வலைப்பதிவோடு பிறந்ததல்ல. கல்யாணப் பந்தியில் ரசத்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்பவர், கச்சேரியில் பாடகருக்கும் சேர்த்துத் தன் தொடையில் தாளம் போடுபவர், அடுத்த வீட்டு வாசலில் நின்று கோலப்புள்ளி எண்ணுபவர் எல்லாம் ஒரே வம்சம்தான். 2003 வாக்கில் தமிழில் வலைப்பூக்கள் முளைத்தன. 2004 ஆகஸ்டில் காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கினார். யார் எங்கே எழுதினாலும் ஒரே பக்கத்தில் வரிசையாக வந்து நின்றது. அதுவரை ஊர் ஊராகத் தேடித் தேடிக் குறை சொன்ன ஒரு வம்சத்துக்கு, கொத்தவால்சாவடியையே வீட்டுக்குள் இறக்கிவிட்டது போல ஆயிற்று.

மார்க் சாருக்கு உத்தியோகம் கூட்டுறவுத் தணிக்கை. ஏதாவது ஒரு சங்கத்தின் பதிவேட்டைப் புரட்டி, உரச்சாக்குக் கணக்கில் மூன்று சாக்கு இடிக்கிறது என்று தடை எழுதுவது பகல் வேலை. பதிவேட்டுக்கும் பதிவுக்கும் அவர் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை. நீள நோட்டு ஒன்று வைத்திருந்தார். எழுத்துக்கு 40, தோற்றத்துக்கு 30, ஈர்ப்புக்கு 30. கடைசிப் பத்தியில் 'தடை'. என் பெயருக்கு எதிரே பதினோரு தடைகள் இருந்தன.

தோற்றத்தில் அவர் கறார். அந்தக் காலத்து வலைப்பூக்களைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. தலைப்பு ஓடிக்கொண்டே இருக்கும். ஓரத்தில் ஒரு கடிகாரம், படிக்கிறவனுக்குக் கையில் கடிகாரமே இல்லாதது போல. அதன் கீழே 'இப்போது தளத்தில் இருப்பவர்கள்: 1'. அந்த ஒருவர் நாம்தான். அப்புறம் மீன்தொட்டி. சுட்டியை நகர்த்தினால் மீன்கள் பின்னாலேயே வரும். சொடுக்கினால் இரை விழும், வந்து தின்னும். "மீனுக்கு இரை போட்டதுல கால் மணி நேரம் போச்சு தம்பி. மீனுக்கு எட்டு, பதிவுக்கு நாலு" என்று ஒரு கோயம்புத்தூர்க்காரருக்கு மடல் போட்டார். அந்தக் கோயம்புத்தூர்க்காரர் அப்புறம் பதிவை நிறுத்திவிட்டார். மீனை நிறுத்தவில்லை.

வருகை எண்ணி இன்னொன்று. அதை எந்த எண்ணிலிருந்து வேண்டுமானாலும் தொடங்கி வைக்கலாம். பூஜ்யத்தில் தொடங்க வெட்கப்பட்டு நான் 5,000-இல் தொடங்கியிருந்தேன். மற்றவர் கண்ணுக்கு அது புகழ். மார்க் சார் கண்ணுக்கு அது ஆரம்ப இருப்பு. "ஐயாயிரம் ஆரம்ப இருப்பு காட்டியிருக்கே. ரசீது எங்கே?"

திறந்தவுடன் தானாகப் பாட்டு பாடும் ஏற்பாட்டையும் நான் செய்து வைத்திருந்தேன். அவர் என் வலைப்பூவை முதல்முறை திறந்தது அலுவலகக் கணினியில், மதியம் மூன்று மணிக்கு. ஒலிபெருக்கி முழுச் சத்தத்தில் இருந்திருக்கிறது. "கண்காணிப்பாளர் எழுந்து வந்துட்டார். உன் ரசனையால எனக்கு மெமோ வந்திருக்கும். அஞ்சு மார்க்தான் குறைச்சேன். நியாயமா பத்து."

வெள்ளைப் பின்னணியில் எதுவும் சேர்க்காமல் பிளாகர் கொடுத்த மினிமா வார்ப்புருவை அப்படியே வைத்திருந்தவர்களுக்கு முப்பதுக்கு இருபத்தெட்டு. சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு மதிப்பெண் கிடைத்த வேறு துறை எனக்குத் தெரியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் மார்க் குறைத்ததே இல்லை. தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுதியவரைத் திட்டமாட்டார். விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் ஒழுங்காகத் தெரிய, கன்ட்ரோல் பேனலுக்குள் போய்ச் சிக்கலான எழுத்துகளுக்கான ஒரு பெட்டியில் டிக் அடிக்க வேண்டும். அடித்தால் அது சிடியைக் கேட்கும். அந்த சிடி எந்த வீட்டிலும் இருக்காது. மார்க் சாரின் சட்டைப்பையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சைதாப்பேட்டையிலிருந்து வில்லிவாக்கம் வரை போய், முன்பின் தெரியாதவர் வீட்டுக் கணினியில் இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நிறுவி, தட்டச்சக் கற்றுக்கொடுத்து, ஒரு காபி மட்டும் குடித்துவிட்டு வருவார். மறுவாரம் அதே ஆள் எழுதிய முதல் பதிவுக்கு முப்பத்தாறு மார்க் போடுவார். காபிக்குத் தனியாக எழுபது.

எழுத்து என்ற நாற்பது மார்க்கில் ஒற்றுக்கே பதினைந்து. 'வாழ்த்துகளா, வாழ்த்துக்களா' என்று தமிழ் வலையுலகம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொள்ளும். மார்க் சார் 'க்' போடாத கட்சி. பிறந்தநாள் வாழ்த்து சொன்னவனுக்கே ஒற்றுப்பிழை சுட்டிப் பதில் போட்டவர். என்னுடைய 'முயற்சிக்கிறேன்' ஒவ்வொன்றையும் 'முயல்கிறேன்' ஆக்கினார். அவர் சொன்னது சரி. ஆனால் ஒவ்வொரு தடவையும் எனக்குக் காதுள்ள முயல் ஒன்று நடுவில் ஓடியது.

முற்றுப்புள்ளி ஒன்று வைக்க வேண்டிய இடத்தில் ஏழெட்டு வைப்பது எங்கள் தலைமுறையின் வியாதி. சோகமென்றால் பன்னிரண்டு. "ஒரே பதிவில் நூத்து நாப்பது புள்ளி வெச்சிருக்கே தம்பி. கோலம் எப்போ போடப்போறே?"

கவிதைக்கு ஒட்டுச் சோதனை வைத்திருந்தார். ஒரு வாக்கியத்தை எட்டாக உடைத்துப் படிக்கட்டு மாதிரி அடுக்கினால் அன்று அது கவிதை. அவர் அதை எடுத்து வரிகளை ஒட்டிப் பார்ப்பார். ஒட்டிய பிறகும் ஏதாவது மிஞ்சினால் மார்க். ஒருவருடைய காதல் கவிதைக்கு அவர் எழுதிய மதிப்புரை மொத்தமே இவ்வளவுதான்: 'ஒட்டிப் பார்த்தேன். விடுப்பு விண்ணப்பம்போல் இருக்கிறது. தேதியும் இடமும் சேர்த்தால் அனுப்பிவிடலாம்.'

ஈர்ப்புக்கு எப்படி மார்க் போடுவீர்கள் என்று கேட்டேன். ரொம்ப நாள் மழுப்பினார். கடைசியில் ஒருநாள், வீட்டில் ஊருக்குப் போயிருந்த சமயம், கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டினார். அடுப்பில் கல். பக்கத்து மேடையில் மடிக்கணினி. மாவை ஊற்றிவிட்டுப் படிக்க ஆரம்பிப்பார். தோசை கருகினால் முப்பதுக்கு முப்பது. ஓரம் முறுகினால் இருபது. நேரத்துக்குத் திருப்பிப் போட்டுவிட்டால், பதிவில் சரக்கு இல்லை.

"என்னுது எப்படி சார் வந்தது?"

"பூப்பூவா, நல்லா வெந்திருந்துச்சு. ரெண்டு சாப்பிட்டேன்."

அதுவரை என்னைப் புண்படுத்திய எந்த விமர்சனமும் அந்த நல்ல தோசை அளவுக்குப் புண்படுத்தவில்லை.

இவரை எல்லோரும் ஏன் இப்படிச் சகித்துக்கொண்டோம் என்று இப்போது யோசிக்கிறேன். அன்றைய பின்னூட்டம் என்பது சுத்தமான மொய். நான் உன் பதிவில் 'அருமை' என்று எழுதினால், நீ என் பதிவில் 'அருமை, பகிர்வுக்கு நன்றி' என்று கூட ஒரு ரூபாய் சேர்த்துத் திருப்ப வேண்டும். படிக்கவே வேண்டாம் என்பது அதில் வசதி. பதிவு வெளியான இருபதாவது விநாடியில் 'மீ த ஃபர்ஸ்ட்டு' என்று ஒருவர் துண்டு போட்டு இடம்பிடிப்பார். அடுத்தவர் 'ரிப்பீட்டே' என்பார். தமிழ்மணத்தில் ஓட்டுப் போட்டதற்கு அத்தாட்சியாக 'த.ம. 7' என்று மட்டும் எழுதிவிட்டு ஒருவர் போவார். கல்யாண வீட்டில் உறைமேல் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமல் போகிறவர் மாதிரி. தன் பாட்டி செத்துப்போனதை ஒருவர் உருகி எழுத, கீழே 'கலக்கிட்டீங்க, தொடருங்கள்' என்று வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் யார் யார் தரலாம் என்று நன்னூல் நான்கு பேரைச் சொல்கிறது: ஆசிரியர், கூடப் படித்தவர், மாணவர், தகுதியான உரைகாரர். எங்களுக்கும் அதே நால்வர்தான். வலைப்பூ திறக்கச் சொல்லிக்கொடுத்தவர், கூடவே திறந்தவர், நம்மைப் பார்த்துத் திறந்தவர். நான்காவது அனானி. பெயரில்லாமல் வந்து, சாம்பார் செய்முறையில்கூட உள்குத்துக் கண்டுபிடித்து உரை எழுதுவார். இந்த நால்வரில் ஒருவர்கூட முழுதாகப் படித்ததாகச் சாட்சி இல்லை. மார்க் சார் படித்தார். கடைசி வரி வரை, டிஸ்கி என்று போடும் பொறுப்புத் துறப்பு உள்பட. பதினோரு தடை எழுத வேண்டுமென்றால் பதினோரு இடத்தில் கண் நின்றிருக்க வேண்டுமே.

பிறர் ஓலையில் பிழை கண்டால் சீத்தலைச் சாத்தனார் எழுத்தாணியால் தன் தலையிலேயே குத்திக்கொள்வார் என்று ஒரு கதை உண்டு. தலை எப்போதும் சீழ் பிடித்திருந்ததாம். மார்க் சார் அந்த மரபை ஒரே ஒரு சிறு மாற்றத்தோடு பின்பற்றினார். குத்து எங்கள் தலையில் விழும்.

பழிக்குப் பழி வாங்க ஒரு கோஷ்டி கிளம்பியது. அவருக்கும் ஒரு வலைப்பூ இருக்கும், அதைக் கிழித்துத் தொங்கவிடுவோம் என்று தேடினார்கள். கிடைத்தது. 2006-இல் திறந்திருந்தார். வெள்ளைப் பின்னணி, மினிமா, கடிகாரம் இல்லை, மீன் இல்லை. ஒரே ஒரு பதிவு. தலைப்பு: சோதனை. உள்ளே: 'சோதனை.' ஒற்றுப்பிழை இல்லை. கோஷ்டி மணிக்கணக்காக உட்கார்ந்து பார்த்தது. ஒன்றும் தேறவில்லை.

அடுத்த சந்திப்பில் நான் நேராகவே கேட்டேன், "ஏன் சார் நீங்க எழுதறதில்லை?"

"எழுதறேனே. வரைவுல அறுபத்தோரு பதிவு இருக்கு."

"வெளியிடலையா?"

"எதுவும் அம்பதைத் தாண்டலை தம்பி."

அன்றைக்குச் சுண்டலுக்கு அவர் மார்க் போடவில்லை.

பிறகு ஃபேஸ்புக் வந்து எல்லோரையும் அள்ளிக்கொண்டு போனது. பதிவுகளைச் சேர்த்துப் படிக்க உதவிய கூகுள் ரீடரையும் 2013 ஜூலை முதல் தேதி மூடினார்கள். திரட்டிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தமிழ் வலைப்பூக்களுக்கு விளம்பரம் தர கூகுள் ஒருவழியாக ஒப்புக்கொண்டது 2018-இல். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு பாயசம் வந்தது போல. மார்க் சாரும் ஃபேஸ்புக்குக்கு வந்து பார்த்தார். சரிப்படவில்லை. எல்லோர் பக்கமும் ஒரே வெள்ளை, ஒரே நீலம். தோற்றத்துக்கான முப்பது மார்க் அப்படியே வினாத்தாளிலிருந்து போய்விட்டது. கட்டைவிரலைத் தூக்குவதா வேண்டாமா என்று மட்டும் அப்போது கேட்ட ஓர் இடத்தில், நாற்பத்து மூன்றுக்கும் நாற்பத்து நான்குக்கும் வித்தியாசம் தெரிந்த மனிதர் என்ன செய்வார்? இரண்டு மாதம் இருந்துவிட்டுச் சொல்லாமல் போனார்.

போன மாதம் காலை ஆறரைக்கு ஒரு அழைப்பு. பெயர் சொல்லவில்லை. குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது.

"தம்பி, உன் பிளாக்ல ஒரு தடை நிலுவையில இருக்கு."

எனக்கு வலைப்பூவின் முகவரியே மறந்திருந்தது. கடவுச்சொல் போன ஜென்மத்துச் சமாசாரம். அவர் ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆகிவிட்டதாம். நீள நோட்டை எடுத்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வருகிறாராம். பலருடையது திறக்கவில்லை. சிலருடையது திறக்கிறது, படங்கள் இருந்த இடத்தில் பட்டை மட்டும் இருக்கிறது. மீன்கள் இல்லை. இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். அவர்களுடையதையும் முதலிலிருந்து படித்தாராம். "ஒருத்தருக்கு ஆறு மார்க் கூட்டிட்டேன். அப்போ அவசரப்பட்டுட்டேன்."

"என்னுது என்ன சார் தடை?"

"2012 மார்ச்ல சென்னையிலேருந்து நெல்லைக்கு ரயில்ல போனதை எழுத ஆரம்பிச்சே. மூணு பகுதி வந்துச்சு. மூணாவது முடிவுல வண்டி கோவில்பட்டியில நிக்குது. நீ தண்ணி பாட்டிலைத் தூக்கிட்டு இறங்கறே. 'தொடரும்'னு போட்டே."

"ஆமா சார்..."

"புள்ளி வைக்காதே. வண்டி கிளம்பிடுச்சா இல்லையா? நீ ஏறினியா?"

ஏறினேனா என்று யோசித்தேன். சத்தியமாக நினைவில்லை. அந்தப் பக்கம் கரண்டி கல்லில் உரசும் சத்தம் கேட்டது. கூடவே அவர் வீட்டம்மா யாரையோ சத்தம் போடுகிறார்.

"என்ன சார் அது?"

"ஒண்ணுமில்லை, கருகிடுச்சு. நீ சொல்லு, கடலை மிட்டாய் வாங்கினியா?"